ஊரார் வீட்டு மார்க் ஷீட்டுகள்

வசதியில்லாத வீட்டுப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிடுவது சுலபம். சேர்ந்த பிள்ளை படிப்பு முடிகிறவரை அங்கேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் எங்கள் தொழில்.

தொண்ணூறுகளில் ஏழு வருஷம் பாளையங்கோட்டையில் ஒரு சிறிய அறக்கட்டளையில் இந்த வேலை பார்த்தேன். அறிவியலும் இன்ஜினீயரிங்கும் படிக்க வருகிற ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுவதற்காக ஆரம்பித்தது. ஆரம்பித்தவர்கள் மூன்று பேரும் பம்பாயில் இருந்தார்கள். இங்கே அலுவலகம் என்றால் மாடியில் ஓர் அறை, ஓர் இரும்பு பீரோ, அப்புறம் நான். எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு விரிவுரையாளர் வேலைக்கு அலைந்து கிடைக்காமல், தற்காலிகமாக என்று சொல்லிக்கொண்டு இதில் சேர்ந்தேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் அத்தனை பேருக்கும் நான் டீச்சர்தான்.

அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு முருகன்குறிச்சியில் தனியாக ஓர் அறை எடுத்திருந்தேன். வாரத்தில் நாலு நாள் பஸ்ஸில் போவேன். அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசிவிட்டு, திரும்பி வந்து பூட்டைத் திறப்பேன். என்னைப் போல மற்றவர்கள் பிள்ளையின் ரிசல்ட்டுக்காகத் தபால்காரர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் உங்களில் இருக்கலாம். உங்களுக்கு இதையெல்லாம் விளக்கவேண்டியதில்லை.

மின்விசிறி இருந்த வீடு

சேர்ந்த புதிதில் ராதாபுரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். மாரியம்மாள் என்ற பெண் பி.எஸ்சி. கணிதத்துக்கு இடம் வாங்கியிருந்தாள். வீட்டு நிலைமையை நேரில் பார்த்து எழுதவேண்டும். அதற்கென்று ஒரு படிவம் உண்டு. அதில் ‘வீட்டில் உள்ள பொருட்கள்’ என்று ஒரு கட்டம். பஸ்ஸை விட்டு இறங்கி, பனைகளுக்கு நடுவே வெயிலில் வெகுதூரம் நடந்து போய்ச் சேர்ந்தேன். ஓலைக் கூரை வீடு. ஆனால் உள்ளே போனால் எனக்கு நல்ல மர நாற்காலி, எதிரே மேஜை மின்விசிறி, சுவரில் கடிகாரம், தண்ணீர் கொடுத்தது புதுச் சில்வர் டம்ளரில். படிவத்தில் ஒவ்வொன்றாக எழுதினேன். இதைப் பார்த்தால் பம்பாய்க்காரர்கள் உதவி தேவையில்லை என்றுதான் முடிவு செய்வார்கள். பாவம், மார்க் நன்றாக வாங்கியிருக்கிறாள், என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே வியர்வையைத் துடைத்தேன். அப்போதுதான் அந்த விசிறி ஓடவில்லை என்பது உறைத்தது. அதன் வயர் சுருட்டினபடியே கிடந்தது. செருக வீட்டில் பிளக்கும் இல்லை, கரண்டும் இல்லை.

நான் பார்ப்பதை மாரியம்மாளின் அம்மா பார்த்துவிட்டார்கள். அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்று, தன் வீட்டுக்காரர் சாப்பிட வந்துவிட்டார், விசிறியைத் தரமுடியுமா என்று கேட்டாள். நாற்காலி ஒரு வீட்டிலிருந்து, கடிகாரம் ஒரு வீட்டிலிருந்து, டம்ளர் இன்னொரு வீட்டிலிருந்து. நான் எழுதியதையெல்லாம் அடித்தேன். ஏன் இப்படிச் செய்தீர்கள், இல்லாதவர்களுக்குத்தானே இந்த உதவி என்று கேட்டேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள்:

“ஒண்ணும் இல்லாத வீடுன்னு தெரிஞ்சா, இதுக்கெல்லாம் எதுக்குக் காலேஜுன்னு சொல்லிட்டுப் போயிருவியளோன்னு பயந்துட்டேன், டீச்சர்.”

கை தூக்காத இசக்கிமுத்து

இசக்கிமுத்து அவன் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். தமிழில் படித்தவன். எலக்ட்ரிகல் இன்ஜினீயரிங் சேர்ந்தான். முதல் செமஸ்டரில் டிராயிங்கைத் தவிர எல்லாவற்றிலும் போய்விட்டது. ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்துவிட்டு, குற்றம் செய்தவன் மாதிரி நின்றான். கணக்கு தெரியாதா என்று பார்த்தால், தமிழில் கேட்டால் எனக்கு முன்னால் போடுகிறான். கரண்ட் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதை வைத்து எனக்கே சொல்லிக்கொடுக்கிறான். வகுப்பில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். கரும்பலகையில் இருப்பதை ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்வானாம். மற்றவர்கள் சிரித்தால் இவனும் சிரித்துக்கொள்வானாம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வரச் சொன்னேன். ஒரு பாடப் புத்தகம், ஓர் அகராதி, நானும் அவனும். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். முதலில் வார்த்தை, பிறகு வாக்கியம், அப்புறம்தான் பாடம். நாலாவது செமஸ்டருக்குள் விட்டதையெல்லாம் எழுதிப் பாஸாகிவிட்டான். ஆனால் அந்த முதல் மாதத்தில் எனக்குக் கோபம் வந்து ஒரு தடவை கேட்டுவிட்டேன். உன் வகுப்பு வாத்தியார் நல்லவர், புரியாதவர்களை ஒவ்வொரு நாளும் கை தூக்கச் சொல்கிறாராமே, நீ ஏன் ஒரு நாளாவது தூக்கவில்லை என்று. அவன் மெதுவாகச் சொன்னான்:

“அதையும் அவரு இங்கிலீஷ்லதான டீச்சர் கேக்காரு.”

வரைபலகை

இன்ஜினீயரிங் சேர்கிற பிள்ளைக்கு வரைபலகை வேண்டும். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. படித்து முடித்தவர்கள் பலகையை அடுத்து வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். சங்கரன் என்று ஒருவன் சிவில் முடித்துவிட்டு மஸ்கட் போனான். அவன் பலகை மட்டும் திரும்பி வரவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்காக அதைக் கேட்டு வாங்க அம்பாசமுத்திரத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா மட்டும்தான். ரைஸ் மில்லில் வேலை பார்த்துப் பையனைப் படிக்கவைத்தவர்கள். அவன் போன பிறகும் மில் வேலையை விடவில்லை. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்றார்கள்.

பலகை சுவரோரம் நின்றது. தூசி படாமல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். கேட்டதும் மறுக்கவில்லை. எடுத்து, துடைத்து, நான் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகத் தோதாகக் கயிறு கட்டினார்கள். கட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், உங்களுக்கு அவன் லெட்டர் போடுகிறானா என்று கேட்டார்கள். போய் ஒரு வருஷமாகியிருந்தது. எனக்கு ஒரு வரி வந்ததில்லை. அந்த அம்மாவுக்கும் வந்திருக்காது என்பது அவர்கள் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. போடுகிறான், போன மாதம்கூட வந்தது, உங்களைப் பற்றித்தான் எழுதியிருந்தான் என்றேன். அந்த அம்மா கயிற்றில் இன்னும் ஒரு முடிச்சுப் போட்டுப் பலகையை என் கையில் கொடுத்தார்கள்.

“சரி, ஒங்களுக்காவது போடுதானே டீச்சர். அது போதும்.”

தேய்த்துக் கொடுத்த சான்றிதழ்

ஒரு ஐப்பசியில் தாமிரபரணியில் வெள்ளம் வந்து சேரன்மகாதேவியில் ஆற்றுப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் போய்விட்டது. அதில் ஒன்று பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருந்த பரமசிவத்தின் வீடு. அவன் அப்பா துணி தேய்க்கிறவர். திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளர் வேலைக்கு அவனுக்கு நேர்முகத் தேர்வு வந்திருந்தது. போக எட்டு நாள்தான் இருந்தது. அசல் சான்றிதழ்களோடு வரவேண்டும் என்று போட்டிருந்தார்கள். அந்த அசல் அத்தனையும் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்த டிரங்குப் பெட்டியில் இருந்தன.

மறுபடி பஸ் விட்ட அன்றைக்கே போனேன். காகிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாக இருந்தன. புதிதாக நகல் கேட்டு எழுதிப்போட்டால் வருவதற்கு மாதக்கணக்காகும். பரமசிவம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா அந்தக் கட்டியைக் கையில் எடுத்தார். ஈரத்தோடேயே ஒவ்வொரு தாளாகப் பிரித்தார். ஒரு தாளைப் பிரிக்கக் கால் மணி நேரம். பிறகு இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, முதலில் பழைய செய்தித்தாளில் வைத்துச் சூடு பார்த்தார். மேலே ஒரு வெள்ளைத் துணியை விரித்து, மார்க் ஷீட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். நானும் பரமசிவமும் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டோம். முத்திரை மை கொஞ்சம் பரவியிருந்தது, பட்டச் சான்றிதழின் ஓரத்தில் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது. ஆனால் எழுத்து எல்லாம் நின்றது.

திருவனந்தபுரத்தில் அந்தப் பழுப்பைப் பார்த்துவிட்டு அதிகாரி கேட்டாராம். இவன் நடந்ததைச் சொல்லியிருக்கிறான். அவர் அந்தத் தாளை வாங்கி மேஜையைச் சுற்றி இருந்த மற்றவர்களுக்கும் காட்டினாராம். வேலை கிடைத்துவிட்டது. செய்தி தெரிந்து நான் சேரன்மகாதேவிக்குப் போனபோது அவன் அப்பா வழக்கம்போலத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் சொன்னார்:

“முப்பது வருசமா ஊரு துணியெல்லாம் தேய்க்கேன். கை நடுங்குனது அன்னைக்கு ஒருநாள்தான், டீச்சர்.”

முக்கூடலுக்குப் போய் வந்தது

பேச்சியம்மாள் வேதியியல் மூன்றாம் வருஷம். முக்கூடலில் வீட்டோடு எல்லோரும் பீடி சுற்றுகிறவர்கள். இவளும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, புத்தகத்தை எதிரே சாய்த்து வைத்துச் சுற்றிக்கொண்டே படிப்பாள். அவள் ரிக்கார்டு நோட்டைத் திறந்தால் புகையிலை வாடை வரும். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவளுக்குக் கல்யாணம் என்று தெரிந்தது. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய துக்கச் செய்தி கிடையாது. அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினேன். அவள் அப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசினேன். படிப்பைப் பற்றி, அவள் மார்க்கைப் பற்றி, அவள் பார்க்கப்போகிற வேலையைப் பற்றி. கடைசியில் குரல் உடைந்துவிட்டது. அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, தேதி குறித்தாகிவிட்டது என்றார்.

பேச்சியம்மாள் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். அவளுக்கு நான் ஆறுதல் சொல்லவேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள், எனக்காக நீங்கள் அழவேண்டாம், எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, நான்தான் சரி என்று சொன்னேன் என்றாள். இத்தனை நேரம் நான் யாருக்காக மன்றாடினேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசியிருக்கலாம். முக்கூடலிலிருந்து பாளையங்கோட்டை வருகிறவரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. என்னிடம் யாரும் பிடித்திருக்கிறதா என்று கேட்டதில்லை என்பதும், ஏனோ, அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

பரீட்சைக்கு அவள் வரமாட்டாள் என்று முடிவு செய்திருந்தேன். ஆனாலும் முதல் நாள் காலையில் கல்லூரி வாசலில் போய் நின்றேன். புதுத் தாலியோடு வந்தாள். கூட மாப்பிள்ளை. கடையத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவள் உள்ளே போன பிறகு, சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் மர நிழலில் மூன்று மணி நேரம் நின்றார். மணி அடிக்கப்போகிற சமயம் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“இதுக்கு மேல ஒரு படிப்பு இருக்காமே டீச்சர், அது எத்தன வருசம்? அவ வாயத் தொறந்து கேக்கமாட்டா, அதான் நான் கேக்கேன்.”

செல்வின்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சொல்லித்தான் ஆகவேண்டும்.

செல்வின் மெக்கானிகல் படித்தான். ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அப்பா அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் மணியடித்து, பெருக்கி, விளக்குப் போடுகிறவர். செல்வின் அதிகம் பேசமாட்டான். ஒவ்வொரு செமஸ்டர் முடிந்ததும் மார்க் ஷீட்டின் ஜெராக்ஸ் தபாலில் வந்துவிடும். எல்லாவற்றிலும் பாஸ். அவன் கோப்பின் மேல் நானே பென்சிலால் ‘கவலை இல்லை’ என்று எழுதிவைத்தேன். தோற்றவர்கள் பின்னால் ஓடுவதற்கே எனக்கு நாள் போதவில்லை. பாஸாகிறவனை எதற்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வருஷம் அவன் முகத்தையே பார்க்கவில்லை.

மூன்றாம் வருஷம் வேறொரு பையன் விஷயமாக அந்தக் கல்லூரிக்குப் போனவள், போகிறபோக்கில் செல்வினைப் பார்க்கவேண்டும் என்றேன். அலுவலகத்தில் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, அப்படி ஒரு மாணவன் இப்போது இல்லை, வராமல் நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்றார்கள். எனக்கு வந்த ஜெராக்ஸ்களை எடுத்துக் காட்டினேன். அந்த எழுத்தர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். மார்க்கை வெள்ளை மையால் மறைத்து, மேலே டைப் அடித்து, அதை ஜெராக்ஸ் எடுத்திருந்தான்.

அவனைத் தேடிக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆயிற்று. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் இருந்தான். குனிந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். ஓடவில்லை. பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். இரண்டாவது செமஸ்டரில் மூன்று பாடம் போனதாம். வீட்டில் சொல்லப் பயம். என்னிடம் சொல்ல வெட்கம். அடுத்த ரிசல்ட்டில் சரிசெய்துவிடலாம் என்று ஒரு தடவை மார்க்கைத் திருத்தினானாம். அப்புறம் ஒவ்வொரு தடவையும் திருத்தவேண்டியதாகிவிட்டது. கல்லூரிக்குப் போவது நின்றது. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பையில் இரண்டு இன்ஜினீயரிங் புத்தகத்தைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போவானாம். ஊரார் எல்லோரும் அவனை இன்ஜினீயர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு ஊருக்குப் போனேன். ஆராதனை முடிந்து அவன் அப்பா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன். அவர் திட்டவில்லை. கையில் இருந்த பாயை மூலையில் சாய்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று மகனிடம் கேட்டார். அவன் திரும்பக் கல்லூரிக்குப் போகமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டான். அந்தத் தொழிலிலேயே தேறி, பின்னாட்களில் வள்ளியூரில் சொந்தக் கடை போட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து நான் பாஸாகிறவர்களையும் போய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். யார் கோப்பிலும் பென்சிலால் எதுவும் எழுதவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் வெகுநேரம் நின்றோம். ஒரு தடவையாவது என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே என்றேன். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“இசக்கிமுத்து பெயிலானான்னு வாராவாரம் கூப்பிட்டு வச்சுச் சொல்லிக் கொடுத்தியளே. எனக்கும் நீங்க வருவியன்னு ரெண்டு வருசம் பாத்தேன், டீச்சர்.”

எஸ்.டி.டி. பூத்து அண்ணாச்சி

அலுவலகத்தில் போன் கிடையாது. கீழே இருந்த எஸ்.டி.டி. பூத்தின் எண்ணைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தேன். பூத்து வைத்திருந்த அண்ணாச்சி, போன் வந்தால் படிக்கட்டில் நின்று சத்தம் கொடுப்பார். ஒரு வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள். விடுதிகளை எல்லாம் பூட்டிவிட்டார்கள், பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள், தெருவில் வெடிச் சத்தம். எனக்குப் போவதற்கு இடமில்லாததால் அலுவலகத்தைத் திறந்துவைத்துப் பழைய கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பெங்களூரிலிருந்து போன் என்று அண்ணாச்சி கூப்பிட்டார். இறங்கி ஓடினேன். நாலு வருஷத்துக்கு முன்னால் படித்து முடித்துப் போன பையன். குரலைக் கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. அவனுடைய சாதிச் சான்றிதழ் நகல் ஒன்று என் கோப்பில் இருக்குமா, அவசரமாக வேண்டும், தபாலில் அனுப்பமுடியுமா என்று கேட்டான். இருக்கிறது, அனுப்புகிறேன் என்றேன். விலாசத்தைச் சொன்னான். தாங்க்ஸ் டீச்சர் என்றான். நான் எப்படியப்பா இருக்கிறாய் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

ரிசீவரை வைத்தேன். அண்ணாச்சிக்குக் காது கூர்மை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு, வீட்டிலிருந்து வந்திருந்த முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்:

“சான்றிதழக் கேக்கதுக்காவது கூப்பிடுதானுவளே டீச்சர். எம் மவன் அதையும் கையோட கொண்டு போயிட்டான்.”

இத்தனை வருஷத்துக்கப்புறம் இந்த வேலை எப்படி என்று யாராவது கேட்டால், நல்ல வேலைதான், பிள்ளைகளுக்கு விடுகிற லீவுதான் ரொம்ப நீளம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.